திரும்பற காத்து

வாங்க தம்பி, வாங்க. காளான் கூடாரம் வாங்கறதுக்கு அன்னூர்ல இருந்து வர்றேன்னு போன் பண்ணுனது நீங்கதான? கதவு தெறந்துதான் கெடக்குது. செருப்பை அப்படி ஓரமா உட்டுட்டு உள்ள வந்து உக்காருங்க. என்ற மருமக கோகிலவாணி மருந்துக் கடை வரைக்கும் போயிருக்கா, வந்துருவா. அதுவரைக்கும் என்ற மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், வேற வழியில்லை.

கூடாரம் அந்த ரூம்ல நிக்குது. போய்ப் பாருங்க. தொட்டுப் பாருங்க, ஜிப்பை இழுத்துப் பாருங்க. அஞ்சடிக்கு அஞ்சடி, ஒசரம் ஆறரை. வெளிய கறுப்புத் துணி, உள்ள வெள்ளிக் காயிதம். பாத்தா என்னமோ ராக்கெட்டு உடறவன் தங்கற எடம் மாதிரி இருக்கும். உள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா, வைக்கோல் மூட்டை. பாலித்தீன் பையில வைக்கோலை அடைச்சு, விதையைத் தூவி, கயித்துல தொங்க உட்டுட்டு, காளான் வருமா வருமான்னு வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கறது. எங்க காலத்துல மழை பேஞ்சா குப்பைமேட்டுல தானா மொளைச்சுது, காலால எத்தி உட்டுட்டுப் போனோம். இவங்க அதுக்கு ரூம் குடுத்து, பேன் போட்டு, பனி உடற மெஷின் வெச்சு... அட கெரகமே.

பாத்துட்டீங்களா? உக்காருங்க. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இதைக் காசு குடுத்து வாங்கறவனை மாதிரி ஒரு ஏமாளி கோயமுத்தூர் ஜில்லாவுலயே இருக்க மாட்டான். ஜிப்பு ரெண்டு எடத்துல மக்கர் பண்ணும். மூலையில ஊசி ஓட்டை இருக்குது, லைட்டைப் போட்டா தெரியும். பேனு இருக்குது பாருங்க, ஓடும்போது பன்னி மாதிரி உறுமும். இதெல்லாம் அவ சொல்ல மாட்டா. நான் உள்ளதைச் சொல்லிப்போடற ஆளு.

காத்தைப் பத்திப் பேசறதுக்கு இவன் யாருன்னு நெனைப்பீங்க. பேரு மாரப்பன். ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தோரு வருசம், ஹியூமிடி பிளாண்டுல. அப்படின்னா என்னன்னு தெரியாதா? அன்னூர்ல இருந்துட்டு இதுகூடத் தெரியலையா, நல்லாருக்குது போங்க. மில்லுக்குள்ள காத்தை ஈரம் பண்ணி அனுப்பற எடம் தம்பி. ஈரம் கொறைஞ்சா நூலு அந்துரும். கூடுனா பஞ்சு உருளையில சுத்திக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்குது, அங்க காத்தைப் புடிச்சு நிறுத்தறவன் நான். கருவியெல்லாம் பாக்க மாட்டேன். மூக்குல ஒருக்கா உறிஞ்சினா போதும், ஈரம் அம்பத்தஞ்சா அறுபதான்னு சொல்லிப்போடுவேன். எட்டாவதுதான் படிச்சேன். இஞ்சினியரு படிச்சவன் என்ற கிட்ட வந்து கை கட்டி நின்னு கேட்டுட்டுப் போவான்.

இவ பி.எஸ்ஸி. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீசுல கம்ப்யூட்டர் தட்டிட்டு இருந்தா. என்ற சம்சாரம் தவறுன அந்த மாசமே வேலையை உட்டுட்டு வூட்ல வந்து உக்காந்துட்டா. ஏன் அம்மிணின்னு கேட்டா, 'நீங்க ஒத்தையில இருப்பீங்க மாமா'ங்கறா. நான் என்ன பால்குடி மறக்காத கொழந்தையா? தினம் பஸ்ஸு ஏறி எறங்கச் சோம்பேறித்தனம், அதுக்கு என்ற பேரு. என்ற மகன் திருமூர்த்தி ஓசூர்ல கம்பெனில இருக்கறான். மாசத்துக்கு ஒருக்கா வருவான், பொண்டாட்டி சொல்றதுக்கெல்லாம் தலையை ஆட்டுவான், போயிருவான்.

சும்மா உக்காந்திருக்கறவ சும்மா இருக்கோணுமா இல்லையா? போன்ல எவனோ பேசறதைப் பாத்துட்டு, வூட்டுக்குள்ளயே காளான் வளக்கறேன்னு இதைக் கொண்டாந்து நிறுத்துனா. அவ படுக்கற ரூமைக் கூடாரத்துக்குக் குடுத்துட்டு, இவ ஹால்ல பாயைப் போட்டுப் படுக்கறா. கேட்டீங்களா கூத்தை. காளானுக்கு ரூமு, மனுசிக்குத் தரை. என்ற ரூமைக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன், அது வேற சமாச்சாரம்.

இருங்க... ஒண்ணுமில்லை. தொண்டையில கரகரப்பு. பேசுனா கொஞ்சம் இழுக்கும். அந்தச் சொம்பை எடுங்க.

ம். காளானுக்கு மூச்சு உண்டு, அது தெரியுமா உங்களுக்கு? செடி மாதிரி இல்லை. நம்மளை மாதிரி. நல்ல காத்தை இழுத்துட்டுக் கெட்ட காத்தை உடும். கூடாரத்துக்குள்ள அந்தக் கெட்ட காத்து தேங்கிருச்சுன்னா, காளான் மூச்சுத் தேடி மேல மேல எட்டும். காம்பு கோழிக்கால் மாதிரி நீண்டுரும், குடை சட்டைப் பொத்தான் அளவுக்கு நின்னு போகும். எவன் வாங்குவான் அதை? அதுக்குத்தான் பேனு. பேனு உள்ள இருக்கற காத்தை இழுத்துக் குழாய் வழியா வெளிய தள்ளோணும், கீழ இருக்கற வலையில புதுக் காத்து தானா நொழையோணும். பேனு ஓடும்போது கூடாரத்துத் துணி உள்பக்கமா ஒடுங்கி நிக்கோணும், பசிச்ச வயிறாட்ட. வெளிய உப்பிட்டு நின்னா எல்லாம் போச்சு. சும்மா கேட்டுட்டுப் போகாதீங்க, மனசுல வெச்சுக்கோங்க.

இவ பண்ணுன வேலையைச் சொல்றேன் கேளுங்க. கூடாரம் நிக்கற ரூம்ல ஜன்னல் இருக்குதா? பாத்தீங்கதான? கைக்கெட்டற தூரம். குழாயை அதுல உட்டா ஒரே தாவு, காத்து சந்துல போய் உழுந்துரும். இவ என்ன பண்ணுனா? ஜன்னலை அடைச்சுப்போட்டு, குழாயைக் கதவு வழியா ஹாலுக்குக் கொண்டாந்து, ஹாலு மோட்டோட இழுத்து, சமையல்கட்டு வழியாத் திருப்பி, வூட்டுக்குப் பின்னால பொறவடைப் பக்கம் கொண்டு போய் உட்டிருக்கறா. மேல பாருங்க, ஆணி அடிச்ச தடம் இன்னும் இருக்குது. இருவதடிக் குழாய், மூணு வளைவு. தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுன்னு சொல்வாங்க, இவ ஊரையே சுத்தி மூக்கைத் தொட்டிருக்கறா. ஒவ்வொரு வளைவுலயும் காத்து செத்துப் போகும் தம்பி. அந்தக் கடைசியில கையை வெச்சுப் பாத்தேன், நோயாளி மூச்சு உடற மாதிரி வருது.

காளான் வந்துது. கோழிக்காலேதான். நாலு தாட்டி வந்துது, நாலு தாட்டியும் கோழிக்கால். நான் சொன்னேன், 'அம்மிணி, காத்து தேங்குது'ன்னு. 'தெரியும் மாமா, குழாய் நீளம் ஜாஸ்தி'ங்கறா. தெரியுமாமா! தெரிஞ்சுட்டே பண்ணுவாங்களா ஒருத்தி? 'அப்பறம் எதுக்கு இத்தனை நீளம், ஜன்னல்ல உடறதுதான?'ங்கறேன். 'அந்தச் சந்துலதான் உங்க ஜன்னலும் இருக்குது மாமா. அது உங்க ரூம் பக்கம் வரக் கூடாது'ன்னா. எனக்கு சுருக்குன்னு ஆயிப்போச்சு. என்ற ஜன்னல் பக்கம் இவ காளானோட காத்து வந்தா நான் என்ன அதைத் திருடித் தின்னுருவனா? இல்லை நான் மூச்சு உட்டா அவ காளான் கருகிருமா? அப்பவே முடிவு பண்ணுனேன். காத்துன்னா என்னன்னு இவளுக்குக் காட்டறது.

அவிநாசி ரோட்டுல ஒரு மெஸ்ஸுக்காரர் சொல்லியிருந்தாரு. அகலக் குடையா, ஒரு மாசம் விடாமக் குடுத்தா, அதுக்கப்பறம் எத்தனை வந்தாலும் நானே எடுத்துக்கறேன்னு. அதுக்குத்தான் இந்தப் பாடு. அது நடந்துட்டா இருகூர் பக்கம் ஒரு தகரச் செட்டு வாடகைக்கு எடுத்துப் பெரிசாப் பண்றதுன்னு கனவு. போன்ல அந்த செட்டைப் படம் புடிச்சு வெச்சுட்டு தினம் பாப்பா. ஆண்டிக சேந்து மடம் கட்டுன கதைன்னு நான் சிரிப்பேன்.

சித்திரையில அவ தங்கச்சி கொழந்தைக்குக் காது குத்துன்னு தாராபுரம் போனா. ஏழு நாளு. போறதுக்கு முன்னால எனக்குப் பாடம் எடுக்கறா, எனக்கு! 'காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா தண்ணி அடிச்சுட்டு உடனே ஜிப்பைச் சாத்தீருங்க மாமா. மூக்கைத் துணியில கட்டிக்கோங்க மாமா. குழாயைத் தொடாதீங்க மாமா.' சரி சரின்னு தலையாட்டி பஸ்ஸு ஏத்தி உட்டுட்டு, வூட்டுக்கு வந்ததும் மொதல்ல குழாயைத்தான் தொட்டேன்.

மில்லுல காத்தை மேல இருந்து எறக்குவோம், கீழ இழுப்போம். மெஷினுக்கு அடியில சொரங்கம் இருக்கும், பஞ்சுத் தூசோட காத்து அதுல எறங்கிப் போகும். அதுமாதிரி பேனை மோட்டுல இருந்து கழட்டி அடியில மாட்டுனேன். கெட்ட காத்து கீழதான தங்கும்? அதுகூடத் தெரியாம பி.எஸ்ஸி.

அதுக்கப்பறம்தான் இருக்குது சங்கதி. நல்லாக் கேளுங்க, இது எந்த போன்லயும் வராது. மில்லுல இழுத்த காத்தை வெளிய கொட்ட மாட்டோம். பாடுபட்டு ஈரம் பண்ணி, குளுமை பண்ணுன காத்தை எவனாவது தெருவுல உடுவானா? துணியில வடிகட்டித் திருப்பி உள்ளயே அனுப்புவோம். திரும்பற காத்துன்னு பேரு. சித்திரை வெயில்ல வூடு கொல்லன் பட்டறையாட்டக் காயுது, இவ கூடாரத்துல இருந்து ஜில்லுன்னு வர்ற காத்தை இருவதடி இழுத்துட்டுப் போய்ப் பொறவடையில கொட்டறா. மனசு கேக்குமா எனக்கு?

அந்த ரூமுக்கும் என்ற ரூமுக்கும் நடுச்சொவுத்துல ஒரு ஓட்டை இருக்குது, கூடாரத்துக்குப் பின்னால, குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். முன்னால குடியிருந்தவன் எதுக்கோ போட்டது, அட்டையை வெச்சு ஒட்டியிருந்தான். அதைப் பிச்சுப்போட்டு குழாயில ரெண்டடி மட்டும் வெட்டி எடுத்து அதுல சொருகிட்டேன். வளைவே இல்லை. இந்தப் பக்கம் என்ற ரூம்ல குழாய் வாய்க்கு என்ற பழைய வேட்டியை நாலா மடிச்சுக் கட்டுனேன். அதான் வடிகட்டி. பீரோவைக் கொஞ்சம் நகத்தி அதை மறைச்சுட்டேன்.

ஏன் மறைச்சேன்னு கேக்கறீங்களா? மில்லுல கத்துக்கிட்டதுதான். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வர்றான்னா பேனு பூராவும் முழு வேகத்துல ஓடும். ஜீப்பு கேட்டைத் தாண்டுனதும் மேனேஜர் கையைக் காட்டுவாரு, நான் பாதியை நிறுத்திப்போடுவேன். கரண்டு மிச்சம். முப்பது வருசத்துல ஒருக்கா மாட்டுனதில்லை, அப்படிக் கை சுத்தம். ப்ளோ ரூம்ல நாச்சிமுத்துன்னு ஒருத்தன், பஞ்சைப் பிரிக்கற எடத்துல இருந்தவன், அவன் மட்டும்தான் வந்து மொணங்குவான். 'மாரப்பா, காத்தே இல்லைய்யா, நெஞ்சை அடைக்குது'ம்பான். சரியான சீக்காளி. பாதி நாளு வேலைக்கே வர மாட்டான். வேலைக்குச் சோம்பல் பட்டா நெஞ்சு அடைக்கத்தான் செய்யும்னு நான் சத்தம் போட்டு அனுப்பிப்போடுவேன். அது இருக்கட்டும். அந்த மாதிரித்தான் இங்கயும், இவ கட்டுன இருவதடிக் குழாயில மிச்சத்தைக் கூடாரத்து மோட்டோட சேத்துக் கட்டி, ஹால்ல அப்படியே தொங்க உட்டுட்டேன். பாக்கறவங்களுக்கு எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

தாராபுரத்துல இருந்து வந்தா. கையில பையைக்கூட வெக்கலை, ஜிப்பைத் தெறந்தா. அப்படியே நின்னுட்டா. காளான் ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம் தம்பி! பூவரச எலையாட்ட. காம்பே தெரியலை. 'மாமா, எப்படி மாமா?'ங்கறா. கண்ணுல தண்ணி நிக்குது. 'பேனைக் கீழ எறக்குனேன், அவ்வளவுதான். உன்ற புத்தகத்துல போட்டிருக்க மாட்டான்'னேன். பொசுக்குன்னு குனிஞ்சு என்ற காலைத் தொட்டுட்டா. சை, விடு அம்மிணின்னு தள்ளி உட்டேன். எனக்குச் சிரிப்பு தாங்கலை. அன்னைக்குச் சோத்துக்குக் காளான் கொழம்பு. நல்லாத்தான் இருந்துச்சு. உப்புக் கம்மின்னு சொன்னேன்.

மெஸ்ஸுக்காரருக்குப் புடிச்சுப்போச்சு. மூணு வாரம் விடாமப் போச்சு காளான். இவ காலையில வெட்டி எடுத்து டப்பாவுல அடுக்கறப்போ பாட்டு வேற. நான் என்ற ரூம்ல ராசாவாட்டப் படுத்திருந்தேன். அந்த வெயில்ல ஊரே வேகுது, எனக்கு மட்டும் பீரோவுக்குப் பின்னால இருந்து ஜில்லுன்னு ஈரக்காத்து. பேனு சத்தம் வேற, மில்லுல தூங்குன மாதிரியே இருக்கும். பகல்லயும் அங்கயேதான் கெடந்தேன், ராத்திரியும் அங்கயேதான்.

ஒரே ஒரு தொந்தரவு, தூசு. இந்தப் பொம்பளைக்கு வூடு கூட்டத் தெரியாது. கட்டில்ல, தலகாணியில, என்ற சம்சாரம் படத்து மேல, எங்க பாத்தாலும் மெல்லிசா வெள்ளைப் பொடி, கோலமாவு மாதிரி. தொடைச்சு வெச்சா மறுநாளே மறுக்கா படியும். வாரத்துக்கு ஒருக்கா அந்த வடிகட்டி வேட்டியை உதறுவேன், ஒரு கைப்பிடி வரும். கார்ப்பரேசன்காரன் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கறான், அதனால இருக்கும்.

அப்பத்தான் இந்த இருமல் புடிச்சுது. எங்க இருந்து வந்துச்சோ. பொழுது எறங்குனா குளிரு அடிக்கும், மேலு கனகனன்னு காயும். நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்கும். தண்ணிதான் காரணம், இந்த ஊருத் தண்ணி. எப்படிச் சொல்றேன்னா, நடுவுல என்ற பங்காளி ஒருத்தர் தவறிட்டாருன்னு பொள்ளாச்சிக்குப் போய் மூணு நாள் இருந்தேன். இருமல் நின்னே போச்சு! நல்ல ஆத்துத் தண்ணி. திரும்பி வந்து அன்னைக்கு ராத்திரியே மறுக்கா புடிச்சுக்கிச்சு. பாத்தீங்களா? தண்ணியேதான்.

அவ கேட்டுட்டே இருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் மாமா, போலாம் மாமான்னு. போடி உன்ற சோலியைப் பாத்துட்டுன்னேன். அப்பறம் ஒரு நாள் ரேசன் கடை வரிசையில நின்னுட்டிருந்தேன், கண்ணு இருட்டிருச்சு. யாரோ அவளுக்குப் போன் பண்ணி, ஆட்டோவுல போட்டுக் கொண்டு போய்ட்டாங்க.

நெஞ்சு டாக்டராம். மீசைகூட சரியா மொளைக்கலை. என்னைக் கேக்கறான், 'வூட்ல புறா வளக்கறீங்களா?'ன்னு. அட, நான் இருமறேன், இவன் புறாவைக் கேக்கறான்! 'கோழி இருக்குதா? வைக்கப்போர் இருக்குதா? வேற ஏதாச்சும் வளக்கறீங்களா?' எந்தக் காலேஜுல படிச்சானோ தெரியலை. இவ மெதுவா, 'காளான் வளக்கறோம் சார். ஆனா அந்தக் காத்து மாமா பக்கமே போகாது, பொறவடைக்குக் குழாய் போட்டிருக்குது'ன்னா. அவன் அவளை மட்டும் வெளிய கூட்டிட்டுப் போய் இங்கிலீசுல என்னமோ பேசுனான். சீக்கு எனக்கு, பேச்சு அவகிட்ட. திரும்பி வந்தவ மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. பீஸை அதிகமாக் கேட்டிருப்பான்.

வூட்டுக்கு வந்து என்னைக் கட்டில்ல படுக்க வெச்சா. ரூமைச் சுத்திப் பாத்தா. என்ற சம்சாரம் படத்தை வெரல்ல தொட்டு, வெரலைப் பாத்தா. அப்பறம் பீரோவைப் புடிச்சு ஒரே தள்ளு. அந்தப் பீரோவை நகத்த ரெண்டு ஆம்பளை வேணும் தம்பி. ஓட்டையைப் பாத்தா, வேட்டியைப் பாத்தா, அப்படியே தரையில உக்காந்துட்டா. தலையில கையை வெச்சுட்டு, 'ஏன் மாமா, ஏன் மாமா'ன்னு அதையே சொல்றா. நான் சொன்னேன், 'என்ன ஏன்? இந்த ரெண்டடிக் குழாயிலதான் உன்ற காளான் குடை விரிச்சுது. உன்ற இருவதடியில வந்தது கோழிக்கால். யாரு ஜெயிச்சா?'ன்னேன். எந்திரிச்சுப் போய் பேனை நிறுத்திப்போட்டா.

மறுநாளு பூராவும் வெட்டி எறிஞ்சா. மொட்டு விட்டது, பாதி விரிஞ்சது, எல்லாம். வைக்கோல் மூட்டை ஒவ்வொண்ணையும் சாக்குல கட்டி எருவுக்கு அனுப்பிட்டா. மெஸ்ஸுக்காரருக்குப் போன் பண்ணி இனி இல்லைங்கன்னுட்டா. என்ற ரூமை மூணு தாட்டி சோப்புத் தண்ணியில கழுவுனா. அப்பறம் கூடாரம் விக்கறதுன்னு போன்ல போட்டுட்டா. என்ன வீம்பு பாருங்க! ஒரு எட்டாவது படிச்ச கெழவன் ஜெயிச்சுட்டான்னு தாங்க முடியலை. நான் பண்ணுனதுல காளான் நல்லா வந்துச்சுன்னா அந்தக் காளானே வேண்டாமாமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். இவ கூடத்தையே இடிச்சுப்போட்டா.

ஒரு வார்த்தை நேராச் சொல்லியிருக்கலாமில்லை? இந்த வூட்ல என்றகிட்ட யாரும் எதையும் நேராச் சொல்றதில்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னால என்ற மகன், 'அப்பா, பீடியை வெளிய போய்க் குடிங்க'ன்னான். நான் வெளிய போனேன். பழனி வரைக்கும் போனேன். மடத்துல பதினோரு நாளு. யாருக்கும் பாரமா இருக்கற ஆளு நானில்லை. இவதான் தேடிட்டு வந்து மடத்து வாசல்ல நின்னுட்டு, 'நீங்க ஏறாம நான் பஸ்ஸு ஏற மாட்டேன் மாமா'ன்னு பொழுதுக்கும் நின்னா. எருமை மாடு. பீடியை அன்னைக்கு உட்டேன், அதைச் சொல்லோணும்.

இருங்க... இருங்க தம்பி... ம். தண்ணி.

சரி, இத்தனை நேரம் எதுக்கு இதெல்லாம் சொன்னேன்? நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கன்னுதான் சொன்னேன். ஓட்டைக் கூடாரம், உறுமற பேனு, வேண்டாம்னு போயிருவீங்கன்னு பாத்தேன். நீங்களும் அசையற மாதிரித் தெரியலை. உண்மையைச் சொல்லிப்போடறேன். பத்து நாளா இந்த வூட்ல சத்தமே இல்லை தம்பி. பேனும் ஓடலை, அவளும் பாடலை. சோத்தைப் போட்டுட்டு மூலையில உக்காந்துக்கறா. அந்த இருகூர் செட்டு படத்தை அழிச்சுப்போட்டா, நான் பாத்தேன். நாலு நாள்ல வீம்பு எறங்கிரும். கூடாரம் இங்கயே நின்னா மறுக்கா வைக்கோலை ஊறப்போடுவா. அதனால நீங்க போயிருங்க. ஆளு யாரும் வரலைன்னு நான் சொல்லிக்கறேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? எதுக்கு விக்கறாள்னு போன்ல உங்ககிட்ட என்ன சொன்னா? சும்மா சொல்லுங்க. பேனு சரியில்லைன்னா? எடம் பத்தலைன்னா?

ஒத்துக்கலையா? யாருக்கு?

பெரியவருக்கா? எந்தப் பெரியவருக்கு? இந்த வூட்ல பெரியவர்னு...

மறுக்கா சொல்லுங்க தம்பி. மெதுவா. காளான்ல இருந்து பறக்கற பொடி. அது நெஞ்சுல எறங்கிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இனி ஒரு துளி சேந்தாலும் நெஞ்சு கல்லாயிரும்னாரு. வெளிய எங்கயாச்சும் போய் வளத்தாக்கூட அவ துணியில ஒட்டிட்டு வூட்டுக்கு வந்துரும்னாரு. அதனால இந்த ஜென்மத்துக்கும் காளான் வேண்டாம்னு... அவளா சொன்னா? இப்படியேவா சொன்னா?

'அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, வூட்டை உட்டுக் கெளம்பிருவாரு'ன்னாளா.

...

அப்ப அந்த வெள்ளைப் பொடி ரோட்டுத் தூசு இல்லை.

பொள்ளாச்சியில இருமலை நிறுத்துனது தண்ணி இல்லை.

இருவதடி எதுக்கு இழுத்தான்னு இப்பத்தான் தெரியுது தம்பி. பஞ்சுத் தூசு தின்ன என்ற மில்லு நெஞ்சு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. காளான் கோழிக்காலாப் போனாலும் போகட்டும்னு ஊரைச் சுத்திக் கொண்டு போனா. நான் அதை வெட்டி என்ற தலமாட்டுல சொருகி, வேட்டியைக் கட்டி வடிகட்டி வெச்சேன். காத்தைப் பத்திப் பேச வந்துட்டேன், பெரிய இவனாட்ட.

முப்பத்தோரு வருசம் தம்பி. ஒருத்தன் நெஞ்சுக்காக ஒரு ஷிப்டு, ஒரு மெஷினு, ஒரு நாளு நின்னு நான் பாத்ததில்லை. நாச்சிமுத்து சோம்பேறி இல்லை. ப்ளோ ரூம்ல இருந்து எடுத்து அவனைக் கூட்டற வேலைக்குப் போட்டாங்க, ஆறு மாசத்துல செத்துப்போனான். அன்னைக்கும் மெஷின் நிக்கலை. ஜீப்பு போனதும் பேனைக் கொறைச்சது இந்தக் கைதான். யாரு கேட்டா அவனுக்காக? நானே கேக்கலையே.

இவ நிறுத்திப்போட்டா. யாரையும் கேக்கலை. கிறுக்கச்சி, எனக்காக நிறுத்திப்போட்டா.

வண்டிச் சத்தம் கேக்குதா? அவதான். இங்க பாருங்க, கையைப் புடிச்சுக் கேக்கறேன். நீங்க என்றகிட்ட ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை. எனக்குத் தெரியாதுன்னே அவ நெனைச்சுட்டு இருக்கட்டும். பழனிக்கெல்லாம் போக மாட்டேன். போனா வாசல்ல வந்து நிப்பா. அப்பறம் ஜிப்புல ஒரு கோளாறும் இல்லை, ஓட்டையும் இல்லை, நான் சொன்னதெல்லாம் பொய்யி. பேனு பூ மாதிரி ஓடும். சொன்ன வெலையில நயா பைசா கொறைச்சுக் கேக்காதீங்க. காளான்ல ஒரு சந்தேகம் வந்துச்சுன்னா இவளுக்குப் போன் பண்ணிக் கேளுங்க, சந்தேகம் இல்லைன்னாலும் கேளுங்க. குழாயை நேரா வெளிய உடுங்க தம்பி. யாரு தலமாட்டுக்கும் திருப்பாதீங்க.

என்ன மகாராணி, இப்பத்தான் வர்றியா? ஆளு வந்து எத்தனை நேரமாச்சு, ஒரு டீ குடுக்க நாதியில்லை இந்த வூட்ல. உன்ற டப்பாக் கூடாரத்தை வாங்கறதுக்கும் அன்னூர்ல இருந்து ஒருத்தர் வந்திருக்கறாரு, தலையெழுத்து. எதுக்கு இப்படி மூஞ்சியையே பாக்கற? கண்ணா? கண்ணுக்கு என்ன, வேர்வை எறங்கிருச்சு. இருமலா? யாரு இருமுனா? தம்பிகூடப் பேசிச் சிரிச்சுட்டிருந்தேன். போ, போய் டீயைப் போடு.